வெளிறிய வல்லூற்றின் வரலாறு

கண்டேன் என்று ஒருவர் கூறுவது ஒன்று. கண்டது இன்னதுதான் என்று பிறரும் ஒப்பும்படி நிறுவுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சில வேளை ஒரே நாளில் கடக்கப்படும்; சில வேளை அரை நூற்றாண்டு ஆகும். கல்வெட்டுகளையும் ஏடுகளையும் ஆராய்வோர் இதனை நன்கு அறிவர். உயிர்நூலின் வரலாற்றிலும் இதனைத் தெளிவுறக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. 1929ஆம் ஆண்டில் ஒரு வல்லூற்றுக்குப் புதிய இனம் என்று பெயர் சூட்டப்பட்டது. உலகின் மிக அரிய வல்லூறுகளுள் ஒன்று எனப் பறவை நூல்கள் அதனைக் குறித்தன. 1983ஆம் ஆண்டில் அப்பெயர் தன் இருக்கையை இழந்தது. இடைப்பட்ட 54 ஆண்டுகளில் பொய்யுரைத்தார் என்ற பழி இதன் தொடர்பில் எவர் மீதும் எழவில்லை. பறவையும் கற்பனையன்று, அதன் உடல்கள் அரும்பொருளகங்களில் இருந்தன. அங்ஙனமாயின் உறுதி காண்பதற்கு அத்துணைக் காலம் ஆனது ஏன்? அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அரிய பறவையைக் கண்டவர் சொல்லை உலகம் எவ்வெவ்வாறு சோதித்து வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

வல்லூறு என்னும் சொல்லைப் பற்றியே சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. வல்லூறு, இராசாளி, வைரி, பருந்து, கழுகு என நம் மொழியில் பெயர்கள் பல உள. பொதுவழக்கில் இவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சிபி மன்னன் புறாவைக் காத்த கதையைச் சுட்டும் புறநானூறு, துரத்தி வந்த பறவையைப் பருந்து என்றே கூறுகிறது. வகுப்பில் அக்கதையைச் சொல்லும் நாமோ ஒரு நாள் கழுகு என்கிறோம். மறுநாள் வல்லூறு என்கிறோம். பறக்கும் புறாவை விரட்டிப் பிடிப்பது இன்று நாம் பருந்து என வழங்கும் பறவையின் தொழிலன்று என்பது உண்மையே. அதனை மட்டும் கொண்டு புலவர் கருதிய பறவை இன்னது எனத் துணிந்துவிட முடியுமா? முடியாது. இக்கட்டுரையில் வல்லூறு என்பது, நீண்டு கூரிய சிறகுகளும், கரிய விழிகளும், மேலலகின் ஓரத்தில் பல் போன்ற ஒரு முனையும் உடைய வேட்டைப் பறவைக் குடும்பத்தையே குறிக்கும். உலகில் இக்குடும்பத்து இனங்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் பரந்து வாழ்வது பெரிகிரின் வல்லூறு. அலைந்து திரிவது என்பது அதன் இலத்தீன் பெயரின் பொருள். இரையின் மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தை எட்டும் பறவை இது.

இவ்வேகமே காண்பவருக்கு முதல் தடை. கிளையில் அமர்ந்து பாடும் குருவியை ஒருவர் கால் மணி நேரம் நோக்கலாம். வல்லூறோ வானில் ஒரு புள்ளியாகத் தோன்றித் தலைக்கு மேல் கடந்து மறைந்துவிடும். கதிரவன் பின்னிருந்தால் நிறம் தெரியாது. கரிய உருவம் மட்டுமே தெரியும். வெற்று வானில் அருகே ஒப்பிட வேறு பொருள் இல்லாமையால் பருமனையும் மதிப்பிட இயலாது. வல்லூறுகளில் பெண் பெரிது, ஆண் சிறிது. ஆகவே ஓரினத்தின் பெண்ணும் அதனினும் பெரிய இன்னோர் இனத்தின் ஆணும் அளவில் நெருங்கி நிற்கும். இளம்பறவையின் இறகுகள் பழுப்பாகவும் நெடுங்கோடுகளோடும் இருக்கும். முதிர்ந்தபின் நிறமும் வரியும் மாறிவிடும். இறகுதிர்க்கும் பருவத்தில் பாதி பழையதும் பாதி புதியதுமாக எந்த நூற்படத்தோடும் பொருந்தாத கோலம் உண்டாகும். நம் நாட்டுச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் கருநிறம் மிகுந்த பெரிகிரின் வகையொன்று நிலையாக வாழ்கிறது. வடதிசையின் குளிருக்குத் தப்பி அதே இனத்தின் வேறு வகைகள் இங்கு வந்து செல்கின்றன. குன்றின் மேல் வட்டமிடும் ஒன்றைக் கண்டு இது உள்ளூரதா, வந்ததா என்று கீழிருந்து கூறுவதே எளிதன்று. பொதுவான பறவைக்கே இந்நிலை என்றால் அரிய பறவைக்கு வேறென்ன சொல்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இச்சிக்கலுக்கு ஒரே விடை வைத்திருந்தது. அது துப்பாக்கி. சுட்டு வீழ்த்தியதே வரலாறு, தப்பவிட்டது வெறும் மர்மம் என்னும் பொருள்பட ஆங்கிலேயப் பறவைச் சேகரிப்பாளரிடையே ஒரு பழமொழி வழங்கியது. அரிய பறவையைக் கண்டவர் அதனைச் சுட்டார். தோலுரித்துப் பதப்படுத்திப் பஞ்சடைத்தார். காலில் ஒரு சீட்டைக் கட்டினார். நாள், இடம், ஆணா பெண்ணா, எடுத்தவர் யார் என்பன அச்சீட்டில் இருக்கும். கொடுமையான முறைதான். எனினும் அம்முறையால் ஒரு நன்மையும் விளைந்தது என்பதை மறுக்க இயலாது. பிற்காலத்தார் ஒருவர் அத்தோலை மீண்டும் கையிலெடுத்து நோக்கலாம். முன்னவர் தவறிய இடத்தில் அவர் தவறாதிருக்கலாம்.

இதற்குச் சான்றாக நிற்பவர் ஓட்டோ கிளைன்ஷ்மிட் என்னும் ஜெர்மானியர். நம் கதையின் நடுநாயகரும் அவரே. 1870இல் பிறந்து 1954இல் மறைந்த இவர் தொழிலால் கிறித்துவச் சமய போதகர். ஈடுபாட்டால் பறவைநூல் வல்லுநர். 1897இல் லண்டன் அரும்பொருளகத்தின் இழுப்பறைகளில் கிடந்த பிரிட்டிஷ் பறவைத் தோல்களை இவரும் ஏர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட் என்பாரும் ஆராய்ந்தனர். ஒரே வகைச் சிறு சிட்டின் தோல்கள் என்று சீட்டெழுதி வைக்கப்பட்டிருந்தவற்றுள் இரண்டு, அச்சிட்டை ஒத்த வேறோர் இனத்தைச் சேர்ந்தவை என்பது தெரியவந்தது. பறவை ஆர்வலர் மலிந்த பிரிட்டனில், வீட்டுத் தோட்டத்து வேலியில் வாழக்கூடிய ஒரு பறவை அந்நாள்வரை எவர் கண்ணுக்கும் தனியாகப் படவில்லை. கண்டிருந்தார்கள், சுட்டும் இருந்தார்கள், இன்னதென்று அறியவில்லை. கிளைன்ஷ்மிட்டின் கண் எத்தகையது என்பதற்காகவே இதனை ஈண்டுக் கூறினேன்.

ஆனால் கையிலுள்ள பறவையும் முழுச் சான்றாகாது என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டிற்று. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊர் உளது. அதன் சுற்றுவட்டாரத்தில் 1892 முதல் 1930 வரை நாட்டின் வேறெங்கும் காணாத அளவுக்கு அரிய பறவைகள் கிட்டிக்கொண்டே இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஜார்ஜ் பிரிஸ்டோ என்னும் ஒருவரின் கடை வழியே வந்தவை. பறவைகளுக்குப் பஞ்சடைத்துப் பதப்படுத்துவதே அவர் தொழில். ஓர் அரிய பறவை பிரிட்டனில் எடுக்கப்பட்டது என்றால் சேகரிப்பாளர் பெரும்பொருள் கொடுத்தனர். அதே பறவை அயல்நாட்டில் எடுக்கப்பட்டது என்றால் அதற்கு விலை அவ்வளவில்லை. ஐயம் அங்கேதான் முளைத்தது. கப்பல்களில் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுப் பறவைகளோ இவை எனப் பலர் எண்ணலாயினர்.

1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ என்னும் இதழ் இதனை வெளிப்படையாக எழுதியது. மேக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஃபெர்குசன்-லீஸும் பதிவுகளை ஒவ்வொன்றாக அலசினர். புள்ளியியல் அறிஞர் ஜான் நெல்டர் வேறொரு வழியில் நோக்கினார். ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்துப் பதிவுகளை அண்டை வட்டாரங்களின் பதிவுகளோடும், பிற்காலப் பதிவுகளோடும் ஒப்பிட்டார். வலசைப் பறவைகளுக்கு ஊரெல்லை தெரியாது. ஓரூரில் மழையெனப் பொழிந்தவை அடுத்த ஊரில் ஒரு துளியும் விழாதது எங்ஙனம்? தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் எவருக்கும் இம்முறை புதிதன்று. ஒரு விடைத்தாளை மட்டும் நோக்கினால் குற்றம் தெரியாது. ஒரே வரிசையில் அமர்ந்த ஐவரின் தாள்களை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.

விளைவாக அக்காலத்து ஹேஸ்டிங்ஸ் பதிவுகள் ஏறத்தாழ அறுநூறு ஒட்டுமொத்தமாகத் தள்ளப்பட்டன. அவற்றை மட்டும் நம்பி நின்ற 29 இனங்களும் உள்ளினங்களும் பிரிட்டிஷ் பறவைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிரிஸ்டோ 1947இலேயே இறந்துவிட்டார். விடை சொல்ல அவர் இல்லை. 1968இல் ஜேம்ஸ் ஹாரிசன் என்பார் அவருக்காக வாதாடி ஒரு நூலே எழுதினார். இன்னொன்றும் நிகழ்ந்தது. நீக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் ஐயத்திற்கிடமில்லாத புதிய பதிவுகளால் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றன. ஆகவே தள்ளப்பட்ட அறுநூற்றுள் சில உண்மையாகவும் இருந்திருக்கலாம். நேர்மையாக ஒரு பறவையைக் கண்டு நேர்மையாக எழுதிவைத்த ஒருவரின் சொல்லும் அக்குவியலோடு போயிருக்கலாம். கணக்கு ஒரு தொகுதியை ஐயுறச் செய்யும். அத்தொகுதியில் எது மெய், எது பொய் எனப் பிரித்துக்காட்ட அதற்கு ஆற்றலில்லை. ஐயமுள்ளதைத் தள்ளியது முறையே என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதனை ஒரு மனிதர் மீதான தீர்ப்பாகக் கொள்வதற்கு மனம் ஒப்பவில்லை.

இதற்குள் காலம் மாறிவிட்டது. துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கியும் குறிப்பேடும் பிடித்துக்கொண்டன. சுடாமலே கண்டதை எவ்வாறு ஏற்பது? 1959இல் பிரிட்டனில் அரிய பறவைப் பதிவுகளை ஆராய்வதற்கென்று பதின்மர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. கண்டவர் தம் விளக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். குழுவினர் தனித்தனியே அதனை எடைபோடுவர். எழுதியவர் பெரியவரா சிறியவரா என்பதன்று, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே அங்குக் கேள்வி. ‘ஜெர் வல்லூறு கண்டேன்’ என்பது சான்றாகாது. எத்தனை நேரம், எத்தொலைவில், எவ்வொளியில், சிறகின் அடிப்பகுதி எவ்வாறு இருந்தது, வேறெந்தப் பறவையோடு மயங்கக்கூடும், அதுவன்று என்று எதனால் துணிந்தீர் என்பவற்றுக்கு விடை இருத்தல் வேண்டும்.

ஜெர் வல்லூற்றைக் குறிப்பிட்டது காரணத்தோடுதான். வல்லூறுகளில் மிகப் பெரியது இது. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் வாழ்வது. இதன் வெண்ணிற வடிவத்திற்காக இடைக்கால மன்னர்கள் தவம் கிடந்தனர். ஐஸ்லாந்து வல்லூறுகளை டென்மார்க் மன்னர் தமக்கே உரிய உடைமையாகக் கொண்டு, பிற அரசவைகளுக்குப் பரிசாக அனுப்பி நட்பு வளர்த்தார். இத்தகைய பறவை குளிர்காலத்தில் எப்போதேனும் பிரிட்டனின் வடகரைக்கு வந்துசேரும். முன்னாளில் பெரிய வெண்ணிற வல்லூறு என்றால் ஐயமே இல்லை. 1971இல் அயர்லாந்தில் ரொனால்டு ஸ்டீவன்ஸ், ஜான் மோரிஸ் என்னும் இருவர் வளர்த்த சேக்கர் வல்லூறும் பெரிகிரின் வல்லூறும் கூடிக் குஞ்சு பொரித்தன. அதன் பின்னர் வல்லூறு வளர்ப்போர் ஜெர், சேக்கர், பெரிகிரின் ஆகியவற்றைக் கலந்து பலவாறான கலப்புப் பறவைகளை உண்டாக்கினர். அவற்றுள் சில கையை விட்டுப் பறந்துவிடுகின்றன. காலில் தோல் வார் தொங்கினால் நல்லது. உண்மை உடனே தெரிந்துவிடும். அறுந்து விழுந்திருந்தால்? இன்று பனிக்காலக் கடற்கரையில் ஒருவர் காணும் வெளிறிய பெரிய வல்லூறு ஆர்க்டிக்கிலிருந்து வந்ததா, பக்கத்து ஊர்க் கூண்டிலிருந்து வந்ததா என்பது தெரியாது. கண்ணில் பிழையில்லை, இறகைப் பற்றிய விளக்கத்திலும் பிழையில்லை, ஆயினும் பதிவு நிற்பதில்லை.

புகைப்படக் கருவி வந்தபின் இத்தொல்லை தீர்ந்தது எனச் சிலர் கருதுவர். ஓரளவு தீர்ந்ததுதான். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில் உள்ள டாப்ஹில் லோ என்னும் நீர்நிலைப் பகுதியில் ஓர் இளம் ஆண் வல்லூறு வந்து தங்கியது. செங்கால் வல்லூறு என்று எல்லாரும் கொண்டனர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வழிதவறி வரும் அப்பறவை அரிதே எனினும் புதிதன்று. பலரும் வந்து கண்டு, படம் எடுத்து, மனநிறைவோடு திரும்பினர். பறவை ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கியது. அது புறப்படும் தறுவாயில்தான், எடுக்கப்பட்ட படங்களைக் கூர்ந்து நோக்கியோர், சிறகின் அடிப்புறத்தில் புதிதாக முளைத்திருந்த வெண்ணிற இறகுகளைக் கவனித்தனர். செங்கால் வல்லூற்றின் ஆணுக்கு அவ்விடம் கருமை; வெண்மையாக இருப்பது அமூர் வல்லூற்றுக்கு. கிழக்குச் சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, இந்தியாவின் நாகாலாந்து வழியாகப் பெருந்திரளாக வந்து, அரபிக் கடலைத் தாண்டித் தென் ஆப்பிரிக்காவுக்குப் போகும் பறவை அது. பிரிட்டனில் அவ்வினம் ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. படம் கையிலிருந்தும் எத்தனையோ பேர் அதனை வேறு பெயரால் அழைத்துக்கொண்டிருந்தனர். எதிர்பார்ப்பு கண்ணுக்கு முன்னே ஓடிவிடுகிறது.

இனி நம் வெளிறிய வல்லூற்றுக்கு வருவோம். மேலே கூறியவற்றில் ஒன்றில் இடம் பொய்யோ என்ற ஐயம். ஒன்றில் பிறப்பைப் பற்றிய ஐயம். ஒன்றில் கண் முந்திக்கொண்ட தவறு. கிளைன்ஷ்மிட்டின் பறவைக்கு நேர்ந்தது இவை எவையும் அல்ல.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள வல்லூறு ஒன்று இருந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்தது அது. அங்கே பெரிகிரின் வல்லூற்றின் தென்னக வகையொன்று உண்டு. 1873இல் ஷார்ப் என்பவரால் காசினி எனப் பெயரிடப்பட்டது. அதன் தலை கருந்தொப்பி அணிந்தாற்போலிருக்கும், கன்னம் கரியது, மார்பின் கீழே நெருங்கிய வரிகள் ஓடும். கூண்டிலிருந்த பறவையோ முற்றும் வேறு. தலை வெளிர்மஞ்சள் தோய்ந்த வெண்மை. கன்னத்துக் கருமை மெலிந்த மீசைக் கோடாகச் சுருங்கியிருந்தது. மார்பும் வயிறும் வரியற்றவை என்றே சொல்லலாம். முதற்பார்வைக்கு ஆசியப் புல்வெளிகளின் சேக்கர் வல்லூற்றை நினைவூட்டும் கோலம். சேக்கர் வல்லூறோ தென் அமெரிக்காவில் அறவே இல்லை. 1929இல் கிளைன்ஷ்மிட் தாம் நடத்திய ‘ஃபால்கோ’ என்னும் இதழில் இதனைப் புதிய இனம் என விளக்கி, க்ரேயன்போர்க் என்பாரின் நினைவாக ‘ஃபால்கோ க்ரேயன்போர்கி’ எனப் பெயரிட்டார்.

அவசரப்பட்டார் என்று பின்னாளில் கூறுவது எளிது. ஆனால் அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தல் வேண்டும். உருவத்தில் வேறுபட்டாலும் வெவ்வேறு நிலப்பகுதிகளில் ஒன்றுக்கு ஈடாக ஒன்று வாழும் பறவைகளை ஒரே வட்டமாகக் கொள்ள வேண்டும் என்பது கிளைன்ஷ்மிட் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கொள்கை. சேக்கர் வல்லூற்றையும் ஜெர் வல்லூற்றையும்கூட அவர் ஒரே வட்டத்தில் வைத்தவர். கண்டதையெல்லாம் புதிய இனம் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். ஆனால் அக்கொள்கைக்கே ஒரு மறுபக்கம் உண்டு. ஒரே நிலத்தில் இரு வடிவங்கள் அருகருகே வாழுமாயின் அவை ஒரே வட்டத்தவை ஆகா. தென்கோடியில் கரிய பெரிகிரின் ஏற்கெனவே வாழ்கிறது. அங்கேயே வெளிறிய பறவையும் வாழ்கிறதென்றால், அவர் கொள்கைப்படி அது வேறாகத்தானே இருத்தல் வேண்டும்? தருக்கம் பழுதற்றது. ஒரே தாய் வயிற்றில் இரு நிறமும் பிறக்கலாம் என்னும் வாய்ப்பு ஒன்றுதான் அதில் இடம்பெறாமல் போனது.

இத்தனைக்கும் அவ்வாய்ப்பு வல்லூறுகளில் அறியாத ஒன்றன்று. மத்தியதரைக் கடல் தீவுகளில் வாழும் எலியனோரா வல்லூற்றில் வெளிர்நிறம், கருநிறம் என இரு வடிவங்கள் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் சார்டீனியாவில் ஆண்டு, தாம் வெளியிட்ட சட்டத்தில் வல்லூறுகளின் கூடுகளுக்கும் பாதுகாப்பளித்த எலியனோரா என்னும் அரசியின் பெயர் அதற்கு. ஜெர் வல்லூற்றிலோ வெண்மை, சாம்பல், கருமை என நிறங்கள் பல. 1758இல் லின்னேயஸ் தம் ஒரே நூலில் அப்பறவைக்கு இரண்டு பெயர்களை இரண்டு இனங்கள்போல் கொடுத்துவிட்டார். பின்வந்தோர் இன்னும் சில சேர்த்தனர். எல்லாம் ஓரினமே எனத் தெளிவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. பெரிகிரின் வல்லூறு மட்டும் இத்தகைய இருநிற இயல்பு உடையது என எவரும் அறிந்திருக்கவில்லை. உலகெங்கும் பரந்த அதன் வகைகளுள் ஒன்றில்கூட அது முன்னர் தென்பட்டதில்லை.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த வெளிறிய வல்லூறுகளின் உடல்கள் மொத்தம் ஐந்து. ஐந்தே ஐந்து. மகெல்லன் நீரிணைக்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் பட்டகோனியா, தியரா தெல் ஃபுவேகோ நிலப்பரப்பை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஓயாத காற்று வீசும் வறண்ட புல்வெளி. ஊர்கள் நாள்கணக்கான தொலைவில். பறவை நோக்குவோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். ஐந்து உடல்களும் ஐயுறத்தக்கவை அல்ல. ஆயினும் ஐந்தும் சேர்ந்து சொன்னது மிகக் குறைவு. பஞ்சடைத்த பறவை தன் நிறத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லும், பெற்றோர் யார், உடன்பிறந்தோர் யார் என்பதைச் சொல்லாது. எலும்பும் அளவும் பெரிகிரினைப் போன்றவை என ஒரு சாரார் கூறினர். நிறமும் வரியும் சேக்கரின் சுற்றத்தைக் காட்டுகின்றன என மற்றொரு சாரார் கூறினர். 1963இல் ஏர்வின் ஸ்ட்ரெசமன், டீன் அமடான் என்னும் பேரறிஞர் இருவர் ‘ஐபிஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு வினா: இந்தக் க்ரேயன்போர்கி என்பது யாது? 1968இல் லெஸ்லி பிரவுனும் அமடானும் எழுதிய உலக வேட்டைப் பறவைகளைப் பற்றிய பெருநூல் அதற்குத் தனியினமாகவே இடம் தந்தது. தள்ளுவதற்குச் சான்றில்லாத நிலையில் வேறென்ன செய்வர்?

இங்கே ஒரு நுட்பம் உளது. ஹேஸ்டிங்ஸ் செய்தியில் பொருள் நிறைய இருந்தது, நம்பிக்கை இல்லை. க்ரேயன்போர்கி செய்தியில் நம்பிக்கை இருந்தது, பொருள் போதவில்லை. அங்கே உதவிய கணக்கு இங்கே உதவாது. ஐந்தை வைத்துக்கொண்டு என்ன கணக்கிடுவது? ஆறாவது உடல் கிடைத்தாலும் பயனில்லை. ஐந்து சொல்லாததை ஆறாவது மட்டும் சொல்லிவிடுமா? வேண்டியிருந்தது கூடு. அக்கூட்டில் யார் யாரோடு இணைகின்றன, எத்தகைய குஞ்சு பிறக்கிறது என்பதை எவரேனும் உயிருடன் காண வேண்டும். சுட்டதே வரலாறு என்ற பழமொழி இங்குத் தலைகீழாகிவிட்டது. சுட்டிருந்தால் விடை கிடைத்திராது.

1981இல் கிளிஃபர்டு ஆண்டர்சனும் டேவிட் எல்லிஸும் அந்நாள்வரை தெரிந்த செய்திகளையெல்லாம் திரட்டி ஒரு மீள்பார்வைக் கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ அக்காலத்திலேயே பட்டகோனியாவின் செங்குத்துப் பாறைகளில் பெரிகிரின் கூடுகள் ஆராயப்பட்டு வந்தன. அங்கே ஒரு கூட்டில், ஒரே ஈட்டுக் குஞ்சுகளுள் கருநிறத்ததும் வெளிர்நிறத்ததும் அருகருகே இருந்தன. ஒரே கூடு, ஒரே பெற்றோர். வினா அந்நொடியே விடையாகிவிட்டது. 1983இல் எல்லிஸும் பெரஸ் கரத்தும் அமெரிக்கப் பறவையியல் இதழான ‘தி ஆக்’கில் மூன்று பக்க அளவில் ஒரு குறிப்பு எழுதினர். க்ரேயன்போர்கி தனியினமன்று, தென்னகப் பெரிகிரினின் ஒரு நிற வடிவமே என்பது அதன் முடிவு. 1984இல் மெக்நட் என்பவர் ‘கான்டர்’ இதழில் தென்னகப் பெரிகிரினின் இனப்பெருக்க நடத்தையை விரிவாக எழுதி, இவ்விருநிற இயல்பை மேலும் உறுதிப்படுத்தினார்.

உலகின் மிக அரிய வல்லூறுகளுள் ஒன்று இவ்வாறு பட்டியலிலிருந்து மறைந்தது. ஒரு பறவைகூட இறக்கவில்லை. பறவை நூல்கள் ஓர் இனத்தின் பெயரை அடித்துவிட்டு, பெரிகிரின் பகுதியில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டன. கிளைன்ஷ்மிட் அதனைக் காண உயிருடன் இல்லை. அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அவர் 1929இல் எழுதிய விளக்கத்தில் ஒரு சொல்லும் பொய்யாகவில்லை என்பதைக் கருதிப் பார்த்தல் வேண்டும். தலை அவர் சொன்னவாறே வெண்மைதான். மார்பு அவர் சொன்னவாறே வரியற்றதுதான். மாறியது தலைப்பில் இருந்த பெயர் மட்டுமே. கண்டதையும் அதிலிருந்து துணிந்ததையும் அவர் தனித்தனியே எழுதிவைத்தமையால்தான், துணிபு வீழ்ந்தபின்னரும் காட்சி நிலைத்தது. 1980களில் பாறையேறியவர்கள் தாம் கண்ட வெளிறிய பறவை எது என்று அறிந்துகொண்டதும் அவ்விளக்கத்தைக் கொண்டே.

பட்டகோனியாவுக்குச் செல்லும் பறவை ஆர்வலர் இன்றும் அவ்வெளிறிய வல்லூற்றைத் தேடுகின்றனர். அங்கும் அது அடிக்கடி கண்ணில் படுவதன்று. கரிய பறவைகள் பலவற்றைக் கண்டபின் எப்போதேனும் ஒன்று, காற்றை எதிர்த்துப் பாறை விளிம்பில் மிதந்து நிற்கும்.